அக்கா நின்றுகொண்டு சாப்பிட்டார்

மே 8, புதன்

காலை 148/92. தினமும் ரத்த அழுத்தத்தை இந்த நோட்டில் எழுதவேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு. "கூடவே அன்னைக்கு என்ன நடந்ததுன்னும் நாலு வரி எழுதுங்க செமிசி, எதனால ஏறுதுன்னு பார்ப்போம்" என்றார். எதனால் ஏறும்? பதினெட்டு வருஷமாகக் குளிர்கிடங்கில் உறைந்த ஆட்டிறைச்சிப் பெட்டிகளை அடுக்குகிறவனுக்கு ஏறாமல் என்ன செய்யும்?

வேன் இன்றும் பரிசோதனையில் தேறவில்லை. அடிப்பக்கம் துருவாம். அக்கா வருகிற நேரம் பார்த்து.

மே 12, ஞாயிறு

146/90.

அக்கா வெள்ளிக்கிழமை மாலை வருகிறார். திங்கள் காலை பிரிஸ்பேனுக்கு விமானம். நடுவில் ஆக்லாந்தில் இரண்டு முழு நாள். ஞாயிறு கோவிலுக்குப் போய்விடும், ஆக ஊர் பார்க்க சனிக்கிழமை ஒன்றுதான்.

பிரிஸ்பேனில் என் மகள் சேலாவுக்கு ஜூனில் இரண்டாவது பிரசவம். மருமகன் சுரங்க வேலை, மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் வீடு. குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டால் சேலா வேலைக்குத் திரும்பலாம். டிக்கெட் நான் எடுத்தது. இரண்டு வருஷம் இருந்தால் போதும், குழந்தை நடக்க ஆரம்பித்துவிடும்.

அக்காவைப் போல யார் வளர்ப்பார்கள்? அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அக்கா கலோலைனேவுக்குப் பதினைந்து. என்னை வளர்த்தார். சேலாவும் பையனும் பிறந்தபோது இங்கே வந்து ஆறு வருஷம் அவர்களை வளர்த்தார். பிறகு டோங்காவில் எங்கள் வவா தீவுக்குத் திரும்பிப்போய் அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர், அப்பாவின் கடைசி நாட்கள். எல்லாம் அவர்தான்.

வண்டிக்கு லோசே ஏற்பாடு செய்துவிட்டாளாம். "தெரிஞ்சவர் ஒருத்தர் வேன் வச்சிருக்கார், மூணு நாளும் வருவார், நீ கவலைப்படாதே" என்றாள். என் மனைவி ஒரு காரியத்தை நான் சொல்லாமலே செய்தது இதுதான் முதல் தடவை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மே 17, வெள்ளி

150/94.

அக்கா வந்துவிட்டார். எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் நல்ல பாய் கட்டி, முடியை இறுக்கிப் பின்னி, எப்போதும்போல, விமானத்திலிருந்து அல்ல, நேரே ஜெபக்கூட்டத்திலிருந்து வருகிறவர்போல வந்தார். பெட்டியில் பாதி கிழங்கு. ஐம்பத்தெட்டு வயது என்று சொல்ல முடியாது.

லோசே பிடித்த டிரைவர் சமோவாக்காரன்! டோங்காக்காரன் ஒருவன்கூடக் கிடைக்கவில்லையா இந்த மாங்கரேயில்? பெயர் ஃபெரெட்டி. அறுபது இருக்கும், கை இரண்டும் பலகைபோல. அக்காவின் பெட்டியை நான் தொடுவதற்குள் தூக்கிவிட்டான்.

"போன தடவை ரக்பி மேட்ச்ல உங்க ஆளுங்க நல்லா ஆடினாங்க. பந்து எங்க இருக்குன்னு மட்டும் யாராவது சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொன்னோம் அண்ணே. உங்க ஆளுங்க பாட்டை நிறுத்தினாத்தானே காதுல விழும்."

வாய் இருக்கிறது ஆளுக்கு. வேனுக்குள் மரத்தூள் வாசனை, சீட்டுக்கு அடியில் சுத்தியல். டிரைவருக்கு எதற்குச் சுத்தியல்?

நான் கராஜில் படுத்திருக்கிறேன். எங்களில் அக்கா இருக்கும் கூரையின் கீழ் தம்பி படுப்பதில்லை; முன்பு அவர் இங்கே இருந்த ஆறு வருஷமும் எனக்கு இந்தக் கராஜ்தான். லோசே இந்த ஊரிலேயே பிறந்தவள், அவளுக்கு இது வேடிக்கை. "கார் இருக்க வேண்டிய இடத்துல புருஷன், புருஷன் இருக்க வேண்டிய இடத்துல நாத்தனார்" என்று சொல்லிப் போர்வையை எறிந்துவிட்டுப் போனாள். சிரிக்கட்டும். அக்கா அறைக்குள் நான் நுழைந்ததில்லை, அவர் பாயில் உட்கார்ந்ததில்லை, அவர் முன்னால் ஒரு அசட்டுப் பேச்சுப் பேசியதில்லை. டிவியில் முத்தம் வந்தால் நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவேன். இப்படித்தான் வளர்ந்தோம். வளர்த்ததும் அவர்தான்.

மே 18, சனி

காலை 151/94. இப்போது அளக்கப் பயமாக இருக்கிறது.

வரிசையாக எழுதுகிறேன். எழுதினாலாவது புரிகிறதா பார்ப்போம்.

ஏழு மணிக்கு ஓட்டாரா சந்தை. என் திட்டம்: வேண்டியதைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு வேனில் உட்கார்ந்து மரியாதையாகச் சாப்பிடுவது. நின்றுகொண்டு தின்பது பன்றியும் கோழியும் என்பது அக்காவின் சட்டம். ஏழு வயதில் வாசலில் நின்றபடி ஒரு வேகவைத்த வாழைக்காயைத் தின்றேன், இடது காதில் விழுந்தது ஒன்று. அந்தக் காது இன்றுவரை ஞாபகம் வைத்திருக்கிறது.

அந்த அக்கா, பொரித்த ரொட்டிக் கடை முன்னால், ஜனங்கள் இடிக்க இடிக்க, நின்றுகொண்டு சாப்பிட்டார்! பாகு முழங்கை வரைக்கும் வழிகிறது. நக்கிக்கொண்டார்.

"அக்கா, வேன்ல போய் உட்கார்ந்து..."

"ஆறிடும் தம்பி. இது சூட்டுல சாப்பிடணுமாம்."

யார் சொன்னது, ஆறிடும் என்று? நாற்பது வருஷமாக எத்தனை சாப்பாடு ஆறிப்போய்த் தின்றிருக்கிறேன், அவர் ஜெபம் முடிக்கும் வரைக்கும்! நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அக்கா அடுத்த கடைக்குப் போய்விட்டார். சிப்பி வடையை ரொட்டியில் மடித்து ஒன்று, தேங்காய்ப் பாலில் ஊறிய பச்சை மீன் ஒரு கிண்ணம், தர்பூசணிச் சாறு. எல்லாம் நின்றுகொண்டு. நடந்துகொண்டு! இடுப்புப் பாய் இடைஞ்சலாக இருக்கிறதென்று அவிழ்த்துச் சுருட்டி லோசே கையில் கொடுத்தார். தெரிந்தவர்கள் பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள். வீட்டுக்கு வெளியே அக்காவை அந்தப் பாய் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. நான் கருவாட்டுக் கடையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

ஃபெரெட்டியை வேனிலேயே இருந்து பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அக்கா சமோவாக் கடையில் தேங்காய் பன் இரண்டு வாங்கி வேனுக்குக் கொண்டுபோனார்.

"டிரைவருக்கா?"

"அவரும் காலையிலேர்ந்து பட்டினிதானே."

லோசே சாறு மூக்கில் ஏறி இருமினாள். முதுகில் தட்டினேன், மடையன்.

பிறகு ஊர் நடுவே வானளவு நிற்கும் கோபுரம், அக்கா சொல்லி டிரைவரும் கூடவே ஏறினான். மேலே தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், கீழே கார்கள் எறும்பளவு தெரியும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றார். "கண்ணாடி தாங்குமா?" என்று கேட்டது என்னையல்ல, டிரைவரை. அவன் குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் கனமாப் போட்டிருப்பேன், இருந்தாலும் தாங்கும்" என்றான். அக்கா சிரித்தார். வாயைப் பொத்தாமல் சிரித்தார். ஜெபக்கூட்டத் தலைவி! அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

மத்தியானம் படகில் டெவன்போர்ட். ஃபெரெட்டியை வேனோடு இருக்கச் சொன்னேன். "நாலு டிக்கெட் வாங்கிட்டேனே" என்றார் அக்கா. சரி, காசு வீணாக வேண்டாம் என்று நானும் தலையாட்டினேன்.

துறைக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம். குளிர்காற்று, ஆனாலும் அக்காவுக்கு வேண்டுமாம். நாலு பேரும் கடல்சுவர் மேல் உட்கார்ந்தோம். அக்கா அன்னாசி, ஃபெரெட்டி காப்பி. அப்புறம்,

அப்புறம் அவன் கையிலிருந்த ஐஸ்கிரீமை, அவன் நக்கிக்கொண்டிருந்த ஐஸ்கிரீமை, அக்கா வாங்கி ஒரு நக்கு நக்கிவிட்டு, "கசக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவன் அதை வாங்கித் தின்றான்.

அவ்வளவுதான். கையில் கூம்பு வழிகிறது எனக்கு. காது அடைத்துவிட்டது. வேன், சுத்தியல், பன், ஆறிடும் தம்பி, நாலு டிக்கெட், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். நேராக. நாங்கள் அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை.

என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கூம்பைக் கடலில் எறிந்துவிட்டு எழுந்து நடந்தேன். திரும்பும் படகில் அந்தக் கோடியில் தனியாக உட்கார்ந்தேன். வேனில் ஏறும்போது அக்கா இடுப்புப் பாயை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

அதே நாள், கராஜ்

லோசே சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். தட்டை வாங்காமல் கத்தினேன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷம். வவாவுல புயல்ல சபை மண்டபத்துக் கூரை போச்சே, அதைப் போட இங்கேருந்து போன தச்சர்ல இவரும் ஒருத்தர். மூணு மாசம் அக்காதான் சமைச்சுப் போட்டாங்க. பெண்டாட்டி போயி ஒன்பது வருஷமாச்சு அவருக்கு. இங்கேதான் இருக்கார், பக்கத்துத் தெரு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"பாதிரியாருக்கு?"

"அவர்தான் முதல்ல சொன்னாரு எனக்கு."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லலை?"

"யாரு சொல்றது? அக்கா இதை உன்கிட்டப் பேசக்கூடாது. நீ அக்காகிட்டக் கேக்கக்கூடாது. நான் 'அக்காவுக்கு...'ன்னு ஆரம்பிச்சா நீ காதைப் பொத்திக்கிட்டுத் தோட்டத்துக்கு ஓடுவே. சுவரு மாதிரி கட்டி வச்சிருக்கீங்க மரியாதையை. வேற எப்படித்தான் காட்டறது உனக்கு?"

"அதுக்கு ஐஸ்கிரீமா!"

"வாயால சொல்ல முடியாதவங்க என்ன செய்வாங்க செமிசி? தம்பி முகத்தைப் பார்த்துக்கறேன், முகம் மலர்ந்தா இருக்கேன், சுளிச்சா பிரிஸ்பேன் போறேன்னாங்க. பார்த்துட்டாங்க." தட்டைக் கீழே வைத்தாள். "பெட்டி கட்டியாச்சு."

நான் சொல்ல வந்தது வேறு. சமோவாக்காரன் என்று சொல்ல வந்தேன், இந்த வயசில் என்று சொல்ல வந்தேன், ஊர் சிரிக்கும் என்று சொல்ல வந்தேன். ஊருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. சிரிக்காமல் இருந்தது நான் ஒருவன்தான்.

மே 19, ஞாயிறு

182/104.

கோவில். அக்கா பெண்கள் வரிசையில், குரல் எப்போதும்போலத் தெளிவு. ஃபெரெட்டி அவன் சபைக்குப் போகாமல் எங்கள் கோவில் வாசலில் வேனில் காத்திருந்தான். டிரைவர் என்று சொல்லித்தானே வந்தான், கடைசிவரை டிரைவராகவே இருப்பான் போல. சமோவாக்காரர்களிலும் அக்கா தம்பிக்கு இதே மாதிரி கட்டுப்பாடு உண்டு. அதனால்தான் அத்தனை நேரம் பையைப் பார், பார்க்கிங் சீட்டு வாங்கிவா என்று நான் விரட்டியும் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் சேலா கூப்பிட்டாள். "அத்தைக்கு ரூம் ரெடிப்பா. பெரியவன் இப்பவே அவங்ககூடத்தான் படுப்பேன்னு அடம். ராத்திரிக்குப் பால் குடுக்கறதை அவங்க பார்த்துக்கிட்டா நான் தூங்கிடுவேன்."

அக்கா எப்போது தூங்குவார் என்று கேட்க நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அதை நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேனா? இல்லை. சேலா பிறந்த பிறகு அந்த ஆறு வருஷமும் இந்த வீட்டில் அக்கா எப்போது தூங்கினார் என்று எனக்குத் தெரியாது. அக்காவின் அறையைப் பார்க்கக்கூடாது என்பதையே சாக்காக வைத்து எதையுமே பார்க்காமல் இருந்துவிட்டேனே.

எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. தெரியாமல் என்ன, தெரிகிறது.

மே 20, திங்கள்

அளக்கவில்லை.

ஆறு மணிக்கு விமான நிலையம். ஃபெரெட்டி ஓட்டினான். அக்கா பின்னால் ஜன்னலோரம். லோசே வேலைக்குப் போகவேண்டும், வாசலிலேயே அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை.

ஃபெரெட்டி வாசலில் பெட்டியை இறக்கிவைத்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றான். அக்கா அவனைப் பார்க்காமல் தலையாட்டினார். அவன் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். கயிறு கட்டிய பெட்டியை நான் தள்ளிக்கொண்டு போனேன்.

வரிசை. முன்னால் ஒரு குடும்பம் பையைத் திறந்து துணியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் முறை வந்தது. பெட்டியைத் தராசில் வைத்தேன். 22.6 கிலோ. கவுன்டரில் இருந்த பெண் சீட்டை ஒட்டக் குனிந்தாள்.

நான் பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

"சார், அளவு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"இந்தப் பெட்டி போகலைம்மா."

"அப்ப பயணி?"

"அவங்களும் போகலை."

அக்கா அசையவில்லை. நான் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன்: "அக்கா, வேனுக்குப் போங்க." பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். அக்கா பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்தார். என் இடது காதை, நாற்பத்தொன்பது வயது ஆளின் காதை, அத்தனை பேர் முன்னால் ஒரு நொடி தொட்டார். தொட்டுவிட்டு நடந்தார்.

ஃபெரெட்டி இன்னும் அதே இடத்தில் நின்றான், அபராதச் சீட்டு எழுத ஒருவன் அவன் பக்கத்தில். பெட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"உன் வீட்டுக் கூரை ஒழுகுமா?" என்று கேட்டேன்.

"சமோவாக்காரன் போட்ட கூரைண்ணே."

"அதான் கேக்கறேன்."

பின் சீட்டிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது, கோபுரத்தில் கேட்ட அதே சிரிப்பு. நான் முன்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணைத் துடைத்ததை யாரும் பார்த்திருக்க முடியாது.

மே 21, செவ்வாய்

158/96. சேலா கூப்பிட்டாள்.

"என்னப்பா இது, கடைசி நேரத்துல? நான் யாரை வச்சுச் சமாளிக்கறது?" அழுகை. நியாயம்தான், அவளும் தனியாள். லோசே வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, விடமாட்டார்கள்.

லோசே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "உனக்குத்தான் பதினெட்டு வருஷத்து லீவு சேர்ந்து கிடக்கே."

"நானா? குழந்தையா? எனக்கு என்ன தெரியும்?"

"ஆடு அடுக்கற ஆளுதானே. இது அதைவிட லேசு."

மே 24, வெள்ளி

மேனேஜர் மூன்று மாதம் கொடுத்துவிட்டார். "பேரக்குழந்தைக்கா? நீயா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்கே அதிர்ச்சி.

ஜூன் 8, சனி

144/90. அக்கா கல்யாணம். அக்காவுக்குச் சீராக நல்ல பாய்களை நானும் லோசேவும் சுமந்துபோய் ஃபெரெட்டி வீட்டில் விரித்தோம். பேச எழுந்தேன். எங்களில் தம்பி இந்த மாதிரி இடத்தில் அக்காவைப் பற்றிப் பேசமாட்டான், ஆகவே கூரையைப் பற்றிப் பேசினேன். நல்ல கூரை, நன்றாகப் போட்டிருக்கிறது என்று ஐந்து நிமிஷம். சமோவாக்காரர்கள் கைதட்டினார்கள். அக்கா தலை நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

ஜூன் 16, ஞாயிறு

பிரிஸ்பேன். பெரியவன் என்னைப் பார்த்ததும், "அத்தைப் பாட்டி எங்கே?" என்றான். வரவேற்பு அவ்வளவுதான்.

ஜூன் 22, சனி

பெண் குழந்தை. 3.4 கிலோ. கையில் கொடுத்தார்கள். கிடங்கில் அத்தனை பெட்டி தூக்கியவன், இதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று நர்ஸைக் கேட்டேன்.

ஜூலை 4, வியாழன்

அளவுக் கருவி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பெரியவன் எடுத்து விளையாடியிருப்பான்.

நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினேன்? தூங்கினேனா? சேலா இப்போதுதான் கண் அயர்ந்தாள். பெரியவன் மேசைக்கு அடியில் கஞ்சியைக் கொட்டிவிட்டு மறைக்கிறான். பாப்பா என் இடது தோளில். கீழே வைத்தால் கத்துகிறாள், உட்கார்ந்தால் கத்துகிறாள், நின்றால்தான் சும்மா இருக்கிறாள்.

சமையல் மேடையில் காலை ரொட்டி, முட்டை. பதினொரு மணி ஆகிவிட்டது. ஒரு கையால் எடுத்து வாயில் வைத்தபோது போன் அடித்தது. அக்கா. நேராக என்னைக் கூப்பிட்டிருந்தார். பின்னால் தட்டுகிற சத்தம், ஃபெரெட்டி சுத்தியலாக இருக்கும்.

"பாப்பா எப்படியிருக்கா?"

"நல்லா இருக்கா அக்கா."

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

பாப்பா ஏப்பம் விட்டாள்.

"உட்கார்ந்துதானே?"

"உட்கார்ந்துதான் அக்கா" என்றேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய். ஆறு பிள்ளைகளை வளர்த்தவர், தெரியாமலா இருக்கும். "ஆறிடும், சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.